டெக்சாஸில் டீசல் போட்டாலும் பென்சில்வேனியாவுக்கு வரி: அமெரிக்க லாரிக்காரர்களின் ‘இஃப்டா’ கணக்கு

நாமக்கல்லில் இருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகிற லாரி, ஓசூரைத் தாண்டியதும் டேங்க்கை நிரப்பிக்கொள்ளும். கர்நாடகாவில் டீசல் விலை குறைவு என்பது டிரைவர்களுக்கு மனப்பாடம். டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. எந்த மாநிலத்தில் போடுகிறோமோ அந்த மாநிலத்துக்குத்தான் வாட் வரி. அதே டீசலில் மகாராஷ்டிரா முழுக்க ஓடினாலும் அந்த அரசு ஒரு பைசா கேட்காது.

அமெரிக்காவில் கேட்கும். ‘எங்க ரோட்டுல எவ்வளவு தூரம் ஓடுனே, அதுக்கு எவ்வளவு டீசல் எரிஞ்சது, அந்த வரியைக் கொடு’ என்று ஒவ்வொரு மாநிலமும் கேட்கும். இதற்கான ஏற்பாட்டின் பெயர்தான் சர்வதேச எரிபொருள் வரி ஒப்பந்தம், சுருக்கமாக ‘இஃப்டா’. 1983-ல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் என மூன்று மாநிலங்கள் தொடங்கியது. இன்று அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் இதற்குள் இருக்கின்றன. எடை 26,000 பவுண்டுக்கு மேல், அல்லது மூன்று ஆக்ஸில் கொண்ட வண்டி மாநில எல்லை தாண்டினால் இந்தக் கணக்கு கட்டாயம்.

பெரிய கம்பெனிக்கு இது தலைவலி இல்லை, அக்கவுன்ட்ஸ் பிரிவு பார்த்துக்கொள்ளும். கம்பெனியோடு லீஸில் ஓடும் ஓனர்களுக்கும் பெரும்பாலும் கம்பெனியே தாக்கல் செய்துவிட்டு, செட்டில்மென்ட்டில் கழித்துக்கொள்ளும். சிக்கல், சொந்தப் பெயரில் அனுமதி வாங்கி ஒரே ஒரு வண்டியை வைத்து ஓட்டுபவருக்குத்தான். ஓட்டுவதும் அவரே, ராத்திரி ட்ரக் ஸ்டாப்பில் உட்கார்ந்து ரசீது அடுக்குவதும் அவரே.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

ஒரு காலாண்டில் மொத்தம் 12,000 மைல் ஓடினார், 2,000 கேலன் டீசல் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் சராசரி மைலேஜ் 6. இதில் பென்சில்வேனியாவில் ஓடியது 3,000 மைல். அந்த ரோட்டில் எரிந்தது 500 கேலன் என்று கணக்கு. அங்கே அவர் போட்டது 100 கேலன்தான். மீதி 400 கேலனுக்கான வரியை பென்சில்வேனியாவுக்குத் தர வேண்டும். கேலனுக்கு 74 சென்ட் என்று வைத்தால் 296 டாலர்.

டெக்சாஸிலும் அதே 3,000 மைல். ஆனால் அங்கே போட்டது 900 கேலன். 400 கேலன் அதிகம். டெக்சாஸ் வரி கேலனுக்கு 20 சென்ட், ஆக 80 டாலர் அவருக்குத் திரும்ப வர வேண்டியது. இப்படி எல்லா மாநிலத்துக்கும் கூட்டிக் கழித்து, பாக்கியை லாரி பதிவான சொந்த மாநிலத்திடம் கட்டினால் போதும். மற்ற மாநிலங்களுக்கு அதுவே பிரித்து அனுப்பிவிடும்.

மலிவான பங்க் நிஜமாகவே மலிவா?

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஒரு மாநிலத்தில் போர்டு விலை 3.60 டாலர், அதில் மாநில வரி 20 சென்ட். பக்கத்து மாநிலத்தில் விலை 3.90, வரி 74 சென்ட். முதல் பங்க்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் மாநில வரி எப்படியும் ஓடிய தூரத்துக்குத்தான் போகப்போகிறது. வரியைக் கழித்துப் பார்த்தால் முதல் பங்க்கில் டீசல் விலை 3.40, இரண்டாவதில் 3.16. ஓசூர் ஃபார்முலா இங்கே செல்லாது.

ஆரிகன் இன்னொரு விசித்திரம். கனரக லாரிகளுக்கு அங்கே டீசல் வரியே கிடையாது, எடைக்கும் தூரத்துக்கும் தனி வரி. அதற்காக ஆரிகன் மைல்களை இஃப்டா படிவத்தில் விட்டுவிடவும் கூடாது. விட்டால் மொத்த மைலேஜ் கணக்கே தப்பாகும்.

ரசீது இல்லையென்றால்?

தாக்கல் தேதிகள் ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. தவறினால் 50 டாலர் அல்லது வரியில் 10 சதவீதம், எது அதிகமோ அது அபராதம். வண்டி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாலும் பூஜ்யம் போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து விட்டால் லைசென்ஸ் ரத்தாகும். அப்புறம் எல்லை தாண்ட ஒவ்வொரு மாநிலத்திலும் தனி பர்மிட்.

அதைவிட ஆபத்து ஆடிட். மைல் கணக்கோ ரசீதோ சரியில்லை என்றால், அதிகாரிகள் உங்கள் மைலேஜை 4 என்று வைத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. மேலே பார்த்த அதே டிரைவருக்கு 2,000 கேலன், 3,000 கேலன் ஆகிவிடும். எரிக்காத 1,000 கேலனுக்கு வரி. சராசரி 40 சென்ட் என்றாலும் காலாண்டுக்கு 400 டாலர். மூன்று வருடக் கணக்கைப் புரட்டினால் 4,800 டாலர், வட்டி தனி. ரசீது இல்லாத டீசலுக்கு, பங்க்கில் ஏற்கெனவே கட்டிய வரியும் கழிக்கப்படாது.

‘வண்டியில்தான் ஈஎல்டி கருவி இருக்கே’ என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். டிரைவரின் வேலை நேரத்தைப் பதியும் அந்தக் கருவியின் பதிவுகளை 6 மாதம் வைத்திருந்தால் போதும் என்பது ஒரு விதி. இஃப்டா கேட்பதோ 4 வருடம். நடுவில் கருவி கம்பெனியை மாற்றினால் பழைய டேட்டா போய்விடலாம். மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்வதுதான் வழி. ரசீதையும் அன்றைக்கே போனில் படம் எடுத்துவிட வேண்டும். வெயில் பட்ட தெர்மல் பேப்பரில் நாலு வருடம் கழித்து எழுத்தே இருக்காது.

டெஃப் திரவத்தை டீசலோடு சேர்த்து எழுதிவிடுவது, குளிர்பதன ட்ரெய்லர் மோட்டாருக்குப் போட்ட டீசலைக் கலந்துவிடுவது, லோடு இல்லாமல் ஓடிய மைல்களை மறப்பது... தப்புகள் பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்கும்.

கனடாவில் லாரி வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே கணக்குதான், கேலனுக்குப் பதில் லிட்டர். ஒன்டாரியோவில் பதிவான வண்டி என்றால் அந்த மாகாண நிதி அமைச்சகத்திடம் தாக்கல். வரி விகிதம் காலாண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், போன தடவை போட்ட எக்ஸெல் ஷீட்டை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.