புறக்கடைக் கோழி – 9: சீக்குக்கோழிக்குப் பண்டுவம்

கோழி தன் சீக்கை எளிதில் வெளிக்காட்டாது. பருந்தும் கீரியும் எந்நேரமும் கண்வைத்திருக்கும் உயிர் அது. தளர்ந்து நிற்பதைத்தான் அவை முதலில் தூக்கும். தளர்ச்சி தெரிந்துவிட்டால் கூட்டத்துக் கோழிகளும் சும்மா விடுவதில்லை, கொத்தி விரட்டும். அதனால் உள்ளே நோவு இருந்தாலும் மற்றவற்றோடு சேர்ந்து மேய்வதுபோலவே நடமாடும். தரையைக் கொத்தும், ஆனால் எதையும் விழுங்காது. இறக்கையைத் தொங்கப்போட்டு, கழுத்தை உள்ளிழுத்து, கண்மூடி ஒரு மூலையில் குந்திவிட்டது என்றால் நோய் ஏற்கெனவே முற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் இரை எடுக்காததும் தண்ணீர் குடிக்காததும் உடல் குளிர்ந்துபோவதும்கூட, வந்த நோயைப் போலவே கோழியைக் கொல்லக்கூடியவை. நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்கும் முன்பே இந்த மூன்றையும் தடுத்தாக வேண்டும். பண்டுவத்தின் முதல் பாதி இதுதான்; பல வீடுகளில் விட்டுப்போவதும் இதுதான்.

சீக்கை முன்கூட்டியே பிடிக்க நல்ல நேரம் காலையில் கூடு திறக்கும் வேளை. நலமான கோழி முண்டியடித்து வெளியே பாயும். கடைசியாக வருவது, வந்ததும் நிற்பது, தானியம் வீசினால் ஓடிவராதது, வால் தாழ்ந்திருப்பது, கொண்டை வெளுத்தோ கறுத்தோ காண்பது எல்லாம் முதல் அறிகுறிகள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடை கிடக்கும் கோழியும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும், குறைவாகத் தின்னும். ஆனால் பக்கத்தில் கை கொண்டுபோனால் உறுமும், கொத்த வரும். நாளுக்கு ஓரிரு முறை எழுந்துபோய்ப் பெரிய கட்டியாக எச்சமிடும். சீக்குக்கோழிக்கு அந்தக் கோபம் இருக்காது.

சந்தேகம் வந்த உடனே கோழியைப் பிரிக்க வேண்டும். துரத்திப் பிடிப்பது அதன் மிச்சத் தெம்பையும் கரைத்துவிடும். இருட்டியபின் கூட்டிலிருந்து எடுப்பது நல்லது, அதுவரை பொறுக்க முடியாத நிலையென்றால் ஒரு துணியைப் போர்த்திப் பிடிக்கலாம். இரு இறக்கைகளையும் சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது. மனிதருக்கு இருப்பதுபோல மூச்சுக்கு உதவும் உதரவிதானம் கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்த கையிலேயே மூச்சுமுட்டிச் செத்த கோழிகள் உண்டு.

பிரித்த கோழியை வைக்கப் பஞ்சாரமோ பெரிய அட்டைப்பெட்டியோ போதும். அடியில் சாக்கும் அதன்மேல் செய்தித்தாளும் விரித்தால் எச்சத்தைப் பார்க்க வசதி. மற்ற கோழிகளிடமிருந்து தள்ளி, காற்று வரும் ஆனால் நேராக வீசாத நிழலில் வைக்க வேண்டும். நலமான கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இவ்வளவு சூட்டைக் காத்துக்கொள்ள அது ஓயாமல் தின்றாக வேண்டும். தீனி நின்றதும் உடல் குளிரத் தொடங்கும். இறகைச் சிலிர்த்துக்கொள்வது அந்தக் குளிருக்குத்தான். மழைநாளிலும் மார்கழிக் குளிரிலும் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பஞ்சாரத்தின் ஒரு பக்கம் தொங்கவிட்டால் போதும். கோழி தேவைக்கேற்ப நெருங்கவோ விலகவோ இடம் இருக்க வேண்டும். வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம். சித்திரை வெயிலில் பல்பு வேண்டாம். அப்போது நிழலும் தண்ணீரும்தான் மருந்து, ஏனென்றால் கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது.

அடுத்தது தண்ணீர். கழிச்சலில் நீர் மட்டும் அல்ல, உப்புகளும் வெளியேறுகின்றன. ஒரு லிட்டர் ஆறிய நீரில் ஒரு மேசைக்கரண்டி வெல்லமும் கால் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைக்கலாம். உப்பைக் கூட்டக் கூடாது. பறவைக்கு அது நஞ்சாகும். தானாகக் குடிக்காத கோழிக்கு வாயைப் பிளந்து ஊற்றும் வழக்கம் ஆபத்தானது. நாக்கின் அடியோரத்திலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கியபின் அடுத்த சொட்டு வைக்க வேண்டும். மணிக்கொரு முறை சில சொட்டு என்றாலும் பகல் முழுக்கச் செய்தால் பலன் தெரியும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் பல கோழிகள் பிழைப்பது இந்தச் சொட்டு நீரால்தான்.

தண்ணீர் இறங்கிய பிறகே தீனி. அதற்கு முன் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவு முழுக்கச் செரித்து, விடியும்போது அது காலியாக இருப்பதுதான் இயல்பு. காலியென்றால் நீர்த்த கம்பங்கூழ், குழைந்த சோறு, அவித்த முட்டையின் மஞ்சள் கரு என மென்மையானவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். வெயிலில் அது புளித்துப்போகும். விடிந்தும் தீனிப்பை கல்லாக உருண்டிருந்தால் நாரோ வைக்கோலோ பிளாஸ்டிக் கயிறோ அடைத்திருக்கிறது. தீனியை நிறுத்தி, சில சொட்டு நல்லெண்ணெயும் வெதுவெதுப்பான நீரும் கொடுத்து, மெல்லப் பிசைந்துவிட வேண்டும். பை தளதளவென்று நீர் கோத்து, வாயில் புளித்த நாற்றம் வந்தால் அது வேறு கோளாறு. அப்போது கோழியைத் தலைகீழாகப் பிடித்து வெளியே கொட்டவைக்கப் பார்க்கக் கூடாது. நீர் மூச்சுக்குழாயில் ஏறிவிடும்.

இனி நோய் எது என்று பார்ப்பது. கோழியைப் பொறுத்தவரை எச்சம்தான் பெரிய சாட்சி. இயல்பான எச்சம் பழுப்பாகக் கெட்டியாக இருக்கும், மேலே வெள்ளைத் தொப்பி இருக்கும். அந்த வெள்ளை, சிறுநீரகம் வெளியேற்றும் யூரிக் அமிலம். நாளில் சிலமுறை மட்டும் பிசுபிசுப்பான, நாற்றமுள்ள, கரும்பழுப்பு எச்சம் வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, நோய் அல்ல. புதிதாகக் கோழி வளர்ப்பவர் இதைப் பார்த்துக் கழிச்சல் என்று மருந்து தேடுவது அடிக்கடி நடக்கிறது. பச்சையாக நீர்த்துப் போவது பல நோய்களில் உண்டு. வெறும் பட்டினியிலும் பித்தநீர் மட்டும் இறங்குவதால் அப்படிப் போகும். எச்சத்தில் ரத்தம் கண்டால் ரத்தக்கழிச்சல் என்றே முதலில் எண்ண வேண்டும்.

ரத்தக்கழிச்சலுக்குக் காரணம் ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணி. ஈரத் தரையில் எச்சத்தோடு கிடக்கும் அதன் முட்டைகளைக் கோழி கொத்தித் தின்னும்போது குடலுக்குள் போய்ப் பெருகிச் சுவரை அறுக்கிறது. வளரும் குஞ்சுகளுக்கே இது பெரிய எமன். வளர்ந்த கோழி ஓரளவு தாங்கும். ஆம்புரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து சில நாள் கொடுத்தால் கட்டுப்படும். அந்த மருந்து வைட்டமின் பி1-ஐப் போன்ற உருவம் கொண்டு ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடுகிறது. ஆகவே அந்த நாட்களில் தெம்புக்கென்று பி வைட்டமின் டானிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும்.

இறகை விலக்கித் தோலைப் பார்ப்பதையும் விடக் கூடாது. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் குடற்புழுவோ செள்ளோ உண்ணியோ அதன் சத்தையோ ரத்தத்தையோ உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். கோழி உண்ணியும் சிவப்புச் செள்ளும் பகலில் கோழியின் மேல் பெரும்பாலும் இருப்பதில்லை. கூட்டின் மரச்சந்திலும் மண்சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறும். கோழிக்கு மட்டும் மருந்து தடவிக் கூட்டைச் சும்மா விட்டால் பயனில்லை. சந்துகளைச் சுண்ணாம்பால் பூசி அடைத்து, சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்றைக் கோழி புரள ஒதுக்க வேண்டும்.

முட்டையிட வேண்டிய கோழி நிமிர்ந்து நின்று, வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். கை பொறுக்கும் வெந்நீரில் வயிறுவரை இருபது நிமிடம் அமர்த்தி, எச்சத்துவாரத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, இருட்டில் விட வேண்டும். முட்டையை உள்ளேயே உடைத்து எடுக்க முயல்வது கோழியைக் கொல்லும். ஒரு நாளில் இறங்காவிட்டால் மருத்துவரிடம் போயாக வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணம் என்பதால், கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருப்பது நல்லது.

பண்டுவம் எவ்வளவு செய்யும் என்பதைக் கோழி அம்மையில் காணலாம். இது கொசு கொண்டுவரும் வைரஸ் நோய். மனிதருக்கு வரும் சின்னம்மையோடு தொடர்பில்லாதது. கொண்டையிலும் தாடியிலும் கண்ணிமையிலும் கொப்புளம் எழுந்து பொருக்குத் தட்டும். வைரஸை அழிக்கும் மருந்து இல்லை, ஆனால் தோலில் மட்டும் வந்த அம்மை இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே இறங்கும். கோழி சாவது பெரும்பாலும் கண் மூடிக்கொள்வதால். பார்வை இல்லாமல் தீனியைத் தேட முடியாது, பக்கத்தில் தண்ணீர் இருந்தும் தாகத்தில் செத்துப்போகும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் கண்ணை நனைத்துத் திறந்து, பொருக்கைப் பிய்க்காமல் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை (கண்ணில் படாமல்) தடவி, அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டி, கையால் ஊட்டினால் பெரும்பாலானவை பிழைக்கும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் படர்ந்தால் நிலைமை கடுமை.

வெள்ளைக்கழிச்சல் இதற்கு நேர் எதிர். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட நோய் இது. மறு ஆண்டு குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டதால் இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு நிலைத்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாய்திறந்து மூச்சு வாங்கும், பிறகு கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலும் இறக்கையும் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு எட்டு ஒன்பது கோழிகள்கூட மடியும். கோடையில் ஒரே வாரத்தில் தெரு முழுவதும் கோழிச் சத்தம் அடங்கிப்போவது இதனால்தான். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது நல்ல கைவைத்தியம். இரை எடுக்கத் தூண்டும். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விடுவது கோழிகளுக்குச் செய்யும் அநீதி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஊசி என்பது வழக்கமான முறை. தமிழகத்தில் கால்நடை மருந்தகங்களில் இது கிடைக்கிறது. 1932 முதல் ராணிப்பேட்டையில் இயங்கும் அரசு நிலையம் இதைத் தயாரிக்கிறது. நலமாக இருக்கும் கோழிக்குத்தான் தடுப்பூசி; சீக்கு வந்தபின் போட்டுப் பயனில்லை.

இந்த நோய் ஊர்விட்டு ஊர் பரவுவதற்குப் பெரிய காரணம் மனிதர்களே. ஒரு கோழி சுணங்கியதும் மற்றவற்றைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவதும், சாகக் கிடப்பதை அறுத்துக் குடலையும் இறகையும் குப்பையில் எறிவதும் நோயை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகின்றன. செத்ததை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கண்ணெதிரே பல கோழிகள் திடீரென்று மடிந்தால் பண்டுவத்துக்கு முன்னால் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்; அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். தமிழகத்தில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

வீட்டில் மிஞ்சிய மனிதர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கோழிக்குக் கொடுப்பது பரவலான பழக்கம். வைரஸ் நோயில் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வேலை செய்யும் நோயிலும், அளவு தெரியாமல் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், மிச்சம் முட்டை வழியாக வீட்டுக் குழந்தையின் தட்டுக்கே வரும். மனிதரின் கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019இல் தடை விதித்தது இந்த அச்சத்தால்தான். மருத்துவர் தந்த மருந்தானாலும், அவர் சொல்லும் நாள்வரை அந்தக் கோழியின் முட்டையைத் தின்னாமல் ஒதுக்க வேண்டும்.

தேறிய கோழி முதலில் இறகைக் கோதும். பிறகு பஞ்சாரத்தைக் கொத்தி வெளியே போகப் பார்க்கும். எச்சம் இயல்பாகி ஒரு வாரம் போனபின் கூட்டத்தில் சேர்க்கலாம், உடனே விட்டால் புது வரவு என்று மற்றவை கொத்தும். இரண்டு மூன்று நாள் பகலில் பஞ்சாரத்தோடு அவற்றின் நடுவே வைத்து, பிறகு ஓர் அந்தியில் கூட்டுக்குள் விடுவது சுமுகமான வழி. வெள்ளைக்கழிச்சலில் தப்பியது மட்டும் விதிவிலக்கு. பிழைத்த பிறகும் சில வாரம் எச்சத்தில் வைரஸ் வெளியேறக்கூடும், அதை நீண்ட நாள் தள்ளியே வைக்க வேண்டும். முட்டை திரும்ப வாரங்கள் ஆகலாம், இறகு உதிர்ந்து முளைத்த பிறகே இடுவதும் உண்டு. முதல் சில முட்டைகள் தோல்முட்டையாகவோ கோணலாகவோ வந்தால் கவலை வேண்டாம். ஓடு மெல்லக் கெட்டிப்படும். சாக்கையும் தாளையும் எரித்து, பஞ்சாரத்தைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் பல நாள் காயவிட வேண்டும். ஐமீரியாவின் முட்டைகள் வழக்கமான கிருமிநாசினிகளுக்கு எளிதில் மசியாதவை. ஈரமின்றிக் காய்ந்த சூட்டில்தான் அவை அழியும்.