தட்டி வானும் தளராத கைகளும்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் முன்னோர் வாக்கு. யானையைக் குறித்துச் சொன்ன இம்மொழி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய மோட்டார் வண்டிகளுக்கும் நன்கு பொருந்தும். வீதியில் ஓடும் வண்டிக்கு ஒரு மதிப்பு. ஓடாது வேலியோரம் கறையேறி நிற்கும் வண்டிக்கோ சில வேளைகளில் அதனினும் மேலான மதிப்பு. ஏனெனில், அதன் வயிற்றிலிருந்துதான் ஓடும் வண்டிக்கு வேண்டிய உறுப்புக்கள் கிடைக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த வண்டியை வாங்குதல் எளிது. அதனைப் பல்லாண்டு காப்பாற்றுதலே அரிது. கையிற் பணம் இருப்பின் ஒரே நாளில் வாங்கி விடலாம். ஆனால் அதன் பற்சக்கரம் ஒன்று உடைந்துவிட்டால் என் செய்வது? அதனை வார்த்தெடுத்த தொழிற்சாலை பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கின்றது. ஒருவேளை மூடப்பட்டும் போயிருக்கலாம். அந்நிலையில் வண்டியை வாழ வைப்பது எது? இவ்வினாவுக்கு ஏட்டில் அன்றி வாழ்விலே விடை கண்டவர்கள் யாழ்ப்பாணத்தார். அவ்விடையை இன்று குடும்பத்தோடு அமர்ந்து சிந்திப்பது பயனுடையதாகும் என நம்புகின்றோம்.

அமெரிக்க உடலும் ஈழத்து உடையும்

முதியவர்களிடம் "தட்டி வான்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். செவர்லே முதலிய பழைய லொறிகளின் அடிச்சட்டத்தின்மீது நம்மூர்த் தச்சர் மரத்தாற் கூடு கட்டினர். பலகைத் தட்டிகள் பொருத்தினர். உள்ளே மனிதர் அமர்ந்தனர். மற்றைய இடமெல்லாம் மூட்டைகள் நிறைந்தன. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே இவ்வண்டிகள் ஓடியதைக் கண்டவர் பலர். தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் வடமராட்சியை அடைந்தன. சந்தைக்குச் செல்லும் பெண்கள் கடகங்களுடன் ஏறினர். இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தோன்றி, தனியார் பேருந்துக் கம்பனிகள் மறைந்தன. அதன் பின்னரும் மூட்டையையும் மனிதரையும் ஒருங்கே ஏற்றும் தட்டி வானுக்கு வேலை இருந்துகொண்டேயிருந்தது.

இங்கே மாணவர்கள் மனத்தில் ஓர் ஐயம் எழலாம். அமெரிக்காவில் வண்டிகள் வீதியின் வலப்பக்கமாகச் செல்கின்றன. சாரதி இடப்பக்கம் அமர்கிறார். நம் நாட்டிலோ வண்டி செல்வது இடப்பக்கம், சாரதி அமர்வது வலப்பக்கம். அமெரிக்கப் பெயர் தாங்கிய லொறி நமக்கு ஏற்றவாறு வந்தது எங்ஙனம்? இதற்குக் கனடா வழி செய்தது. அந்நாட்டின் ஒஷாவா நகரிலிருந்த ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையும், போட் கம்பனியின் கனடாத் தொழிற்சாலையும் பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்கென வலப்பக்க ஸ்ரியறிங் உடைய வண்டிகளைச் செய்தனுப்பின. பேரரசுக்குள் செல்லும் பண்டங்களுக்கு வரிச் சலுகை இருந்தமை இதற்கு ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளை உருவாக்கியது.

தொழிற்சாலையிலேயே வலப்பக்கமாகச் செய்யப்பட்ட வண்டி வேறு; பட்டறையில் இடத்திலிருந்து வலத்துக்கு மாற்றப்பட்ட வண்டி வேறு. மாற்றுவதென்றால் ஸ்ரியறிங் சக்கரத்தை இடம் பெயர்த்தால் மட்டும் போதாது. ஸ்ரியறிங் பெட்டி, அதனைச் சில்லுகளுடன் இணைக்கும் தண்டுகள், பிரேக்கும் கிளச்சும் இயங்கும் மிதிகள், மானிகள் பொருத்திய முகப்புப் பலகை, மழை துடைக்கும் கருவி ஆகிய யாவும் இடம் மாறவேண்டும். எதிரே வருபவர் கண் கூசாதிருக்க விளக்கின் ஒளிவீச்சும் திருத்தப்பட வேண்டும். தொழிற்சாலை செய்த உறுப்புக்குப் பட்டியலில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி எவ்வூரிலும் தேடலாம். பட்டறை செய்த உறுப்புக்கோ எண் இல்லை. அது உடைந்தால், செய்தவரையோ அவர் வரைந்த படத்தையோதான் நாட வேண்டும். ஆதலால், மாற்றம் செய்யப்பட்ட வண்டியை வாங்குவோர் அதன் அளவுகளைக் குறித்த தாளையும் கேட்டு வாங்குதல் அறிவுடைமை.

வாசல் அடைபட்ட காலங்கள்

குடாநாட்டு வண்டிகளுக்கு உறுப்புக்கள் வரும் வாசல் ஒரு முறையன்று, பல முறை அடைபட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் கார் இறக்குமதிக்கு அரசு கடுங் கட்டுப்பாடு விதித்தது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. இது இலங்கை முழுவதற்கும் பொதுவான நிலை. உள்ள வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லை என்ற பாடத்தை நம்மவர் அன்றே கற்றனர். 1977க்குப் பின்னர் பொருளாதாரம் திறக்கப்பட, யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. பழைய ஒஸ்ரினும் மொறிஸும் ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணம் பொய்த்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஆனையிறவு வழி அடைபட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, வண்டிகளின் உதிரிப் பாகங்கள் என நீண்டதொரு பட்டியலிலுள்ள பொருள்கள் குடாநாட்டுக்குள் வருவது தடை செய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. மக்கள் கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்து உயிரைக் கையிற் பிடித்துப் பயணம் செய்த காலம் அது.

அப்போதுதான் பழைய வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை மண்ணெண்ணெயில் ஓடின. இதற்குக் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த யந்திரத்தை அதனால் முடுக்க இயலாது. சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலைச் சில துளிகள் கார்பரேற்றரில் விட்டு யந்திரத்தை முடுக்குவர். யந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அன்றியும், அழுத்தம் மிகுந்தால் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே தானாகப் பற்றி யந்திரத்தை இடிக்கும். பழைய யந்திரங்கள் எரிவாயுக் கலவையைக் குறைவாகவே அழுத்துவன. செவர்லேயின் பழைய ஆறு சிலிண்டர் யந்திரத்தில் அழுத்தம் ஆறரை மடங்கு அளவினதே. புதிய யந்திரங்கள் கூடுதலாக அழுத்துவதால் அவற்றுக்கு மண்ணெண்ணெய் ஒவ்வாது. நாகரிகத்தில் பின்தங்கியதென இகழப்பட்ட குணமே ஆபத்தில் கைகொடுத்தது.

எனினும் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கீழிறங்கி மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்ரன் வளையங்களும் பெயரிங்குகளும் விரைவில் தேயும். உறுப்புக்கள் வர வழியில்லாத காலத்திலேதான் உறுப்புக்கள் மிகுதியாகத் தேய்ந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்று களஞ்சியங்கள்

அப்படியாயின் தேய்ந்தவற்றுக்கு ஈடு எங்கிருந்து கிடைத்தது? பழைய வண்டி வைத்திருப்போருக்கு எக்காலத்தும் மூன்று களஞ்சியங்கள் உண்டு.

முதலாவது, வண்டிகளுக்கிடையே உள்ள உறவு. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு கம்பனிகளும் 1952ஆம் ஆண்டில் ஒன்றாய் இணைந்தன. அதன் பின்னர் ஒரே குலத்து யந்திரங்கள் பல பெயர்களில் வெளிவந்தன. பிற்கால மொறிஸ் மைனரில் உள்ள யந்திரமும் மினி காரின் யந்திரமும் ஒரு குலத்தவை. 1957ஆம் ஆண்டின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜில் உள்ள 1,489 கன சென்ரிமீற்றர் யந்திரமும் இந்தியாவில் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசடர் கார் நெடுங்காலம் சுமந்த யந்திரமும் உடன்பிறந்தவை. இவ்வுறவை அறிந்தவன், இங்கிலாந்தில் தேட வேண்டியதைச் சென்னையிலே தேடலாம். ஆனால் உடன்பிறந்தோர் யாவரும் ஓரச்சு அல்லர். நூலிழை அளவு வேறுபாடும் யந்திரத்துக்கு ஆகாது. அளந்து பார்த்தே பொருத்த வேண்டும்.

இரண்டாவது, கழித்துவிடப்பட்ட வண்டி. நாம் முன்னர்க் கூறிய வேலியோரத்து யானை இதுவே. அதனைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுவது, விதை நெல்லைக் குற்றி உண்பது போன்றது.

மூன்றாவது, பட்டறை. கடைசல் இயந்திரத்தில் புஷ் கடையலாம். தடித்த தாளிலிருந்து காஸ்கற் வெட்டலாம். ஒடிந்த வில்லுத் தகட்டைக் கொல்லன் உலையிற் காய்ச்சிப் புதுக்கலாம். 1937ஆம் ஆண்டில் வெளிவந்த செவர்லே யந்திரத்தின் பெயரிங்குகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளீயமும் அன்ரிமனியும் செம்பும் கலந்த பாபிட் என்னும் மெல்லுலோகத்தை உருக்கி, உறுப்பின்மீதே வார்த்துக் கடைந்தனர். தேய்ந்தால் வழித்துவிட்டு மீண்டும் வார்க்கலாம். கை தேர்ந்தவனுக்குக் கடையில் வாங்க வேண்டிய பொருளன்று அது.

இம்மூன்று களஞ்சியங்களுக்கும் திறவுகோல் ஒன்றே. அது திருத்துவோனின் அறிவு. எதனோடு எது பொருந்தும், எதனை எவ்வளவு கடையலாம், எந்த ஒலி எந்த நோயைக் காட்டும் என்பன அவன் உள்ளத்திலும் விரல்களிலும் தங்கியுள்ளன.

அயல் நாடுகளில்

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. 1960களில் அமெரிக்கா வணிகத் தடை விதித்தபின், கியூபா மக்கள் 1950களின் அமெரிக்கக் கார்களைச் சோவியத் வண்டிகளின் உறுப்புக்களைக்கொண்டு ஓட்டினர். பிலிப்பைன்ஸ் நாட்டில் போர் முடிந்ததும் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டிக் கூடுகட்டி, "ஜீப்னி" என்னும் மக்கள் வண்டியாக்கினர். நம் தட்டி வானுக்கு அதனை ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம்.

இலங்கையிலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தி சிந்தையைத் தொடுவது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், இலங்கைப் பங்காளருடன் சேர்ந்து, மொறிஸ் மைனருக்கு வேண்டிய உறுப்புக்களை இந்நாட்டிலே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சியைத் தொடங்கினார். வண்டி பிறந்த நாட்டுக்கே இத்தீவிலிருந்து உறுப்புக்கள் சென்றன. அதே ஆண்டுகளில் அதே தீவின் வடமுனையில் அதே வண்டிக்கு ஓர் உறுப்புக் கிடைப்பது அரிதாயிருந்தது! தொலைவு என்பது மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று.

இனிச் செய்ய வேண்டியது

2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் மூடியது. போர் முடிந்த 2009க்குப் பின்னரே நிலையாகத் திறந்தது. இன்று கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய உறுப்பு மறுநாளே யாழ்ப்பாணம் வந்து சேரலாம். ஆயினும் வாசல் என்றும் திறந்தேயிருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றதை நம் சிறுவர்களும் அறிவர்.

புதிய வண்டிகளைக் கணினி ஆள்கின்றது. அவற்றின் நுண்கருவிகளைக் கடைசல் இயந்திரத்தில் உருவாக்க முடியாது என்பது மெய்யே. ஆனால் நோயை ஒலியால் அறிதல், அளந்து பொருத்துதல், ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றைக் காணுதல் என்னும் முறை பழையதாகாது. மின்சார வண்டிக்கும் அது வேண்டப்படும்.

நம்மை வருத்துவது வேறொன்று. இவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. ஒரு திருத்துநர் மறையும்போது, அவரோடு ஒரு நூலகம் மறைகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கின்றது. இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேயே உள்ளது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. அங்குப் பயிலும் மாணவர்கள் விடுமுறை நாளொன்றில் தம் ஊரின் பழைய கராச்சுக்கு ஒரு குறிப்பேட்டுடன் செல்லலாம். எந்த வண்டிக்கு எந்த வண்டியின் உறுப்புப் பொருந்தியது, எப்படி மாற்றினர், எது தவறிற்று என்று கேட்டு எழுதலாம். அளவுகளைப் படமாக வரையலாம்.

வீட்டுப் பெரியோரும் இதில் உதவலாம். வளவில் நிற்கும் பழைய வண்டியை இரும்புக்கு எடைபோடுமுன், ஊர்த் திருத்துநர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அருகில் உங்கள் பிள்ளையையும் நிற்கச் செய்யுங்கள். அவர் யந்திர மூடியைத் திறந்து ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லும்போது, பிள்ளை அதனை எழுதிக்கொள்ளட்டும்.