பட்டனக் கூற்றமும் கடாரத்து அரசனும்

ஒருவரை இன்னார் என்று அறிவிப்பதற்குப் பேரரசின் பெயரினும் ஊரின் பெயரே மிகுதியும் உதவுகின்றது. கோவூர் கிழார், மாங்குடி கிழார் எனச் சங்கப் புலவர் பெயர்கள் ஊரொடு சேர்ந்து வருதல் யாவரும் அறிந்ததே. பண்டைக் கிரேக்க நாட்டிலும் இவ்வழக்கு இருந்தது. ஏதென்சில் கி.மு. 508-இல் ஆட்சிமுறையைத் திருத்திய கிளெய்ஸ்தனிஸ், குடிமக்களை 'டெமோஸ்' எனப்பட்ட சிறு பகுதிகளில் பதிவு செய்வித்தார். அவை 139 என்பர். தத்துவ ஞானி சாக்ரட்டீஸ் 'அலோபெக்கே' என்ற பகுதியினர். பதினெட்டு வயதெய்திய ஆண்மகனைக் குடிமகனாக ஏற்பதா, மறுப்பதா என முதற்கண் முடிவு செய்தவர் அவ்வப் பகுதியாரே.

இதனோடு ஒப்பிடத்தக்கது தமிழகத்துக் 'கூற்றம்'. 'கூறு' என்பதன் அடியாகப் பிறந்த இச்சொல் நிலப்பகுதியைக் குறிக்கும். ஊர்கள் பல சேர்ந்தது கூற்றம் அல்லது நாடு. நாடுகள் பல சேர்ந்தது வளநாடு. இது முதலாம் இராசராசன் காலத்து அமைப்பாகும்.

கூற்றத்தின் ஆற்றலை நன்கு விளக்குவது லெய்டன் பெரிய செப்பேடு. கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். கடாரம் என்பது இன்றைய கெடா என்பர் அறிஞர். 1786 வரை பினாங்குத் தீவும் கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்ததாகும். அவ்விகாரத்திற்கு இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1006) ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். நிலம் 97 வேலிக்கு மேல். அதற்குரிய நெல் 8,943 கலத்திற்கு மேல்.

தருபவன் சோழப் பேரரசன்; பெறுவது கடல் கடந்த மன்னனின் அறம். ஆயினும் அரசன் சொல் ஒன்றாலேயே கொடை நிறைவேறிவிடவில்லை. சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து நாட்டாருக்கு ஓலை சென்றது. அவர்கள் எதிர்கொண்டு தொழுது, அதனைத் தலைமேல் வைத்து ஏற்றனர். பின்னர்ப் பெண்யானை ஒன்றை எல்லை வழியே நடத்தி, நான்கு பக்கமும் வரையறுத்து, எழுத்திட்டுக் கொடுத்தனர். எந்த வாய்க்கால் எவ்வூருக்குரியது என்பதைத் தஞ்சையிலிருந்த அரசனினும் அக்கூற்றத்தார் அன்றோ நன்கறிவர்!

இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஏதென்சில் ஒருவன் வேறிடம் குடிபெயர்ந்தாலும், தந்தைவழி வந்த பகுதியே அவனுக்கு உரியது. நாட்டாரோ நிலவுரிமையால் சிறப்புற்றவர். பெண்டிரும் அடிமைகளும் ஏதென்சின் பதிவில் இடம்பெறவில்லை. நிலமற்ற உழைப்பாளர் நாட்டாருள் வைத்து எண்ணப்படவில்லை. இக்குறை இரண்டிற்கும் பொது.

1025-இல் இராசேந்திரன் கடாரத்தின்மீது படையெடுத்தான். இரு நாட்டு நட்பு முறிந்தது. எனினும், 1090 அளவில் முதற்குலோத்துங்கன், கடாரத்துத் தூதர் வேண்ட, அவ்விகாரத்து ஊர்களின் உரிமையை உறுதி செய்ததைச் சிறிய செப்பேடு கூறுகின்றது. அரசர் பகை வந்து போயிற்று. கூற்றத்தார் நடந்து வரைந்த எல்லை நின்றது.