டுந்த்ராவிலிருந்து பழவேற்காட்டுக்கு

பள்ளிப்பட்டு பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் அந்தத் தம்பி கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. சீட்டுப் பணம் எடுத்து 600 எம்எம் வரை இழுக்கும் ஜூம் லென்ஸ் வாங்கியிருக்கிறார். திரையில் குட்டியோடு நிற்கும் பனிக்கரடி.

"இது மாதிரி ஒண்ணு எடுக்கணும்ணா. நம்மளால அங்க போக முடியுமா?"

போகலாம். கனடாவின் சர்ச்சில் என்ற ஊரில் அக்டோபர், நவம்பரில் கரடிகள் கரையில் காத்துக் கிடக்கும். ஹட்சன் விரிகுடா உறைந்தால்தான் அவை பனிமேல் இறங்கி சீல் பிடிக்க முடியும். இன்னொரு இடம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. செலவு லட்சங்களில் ஆகும். காசு இருந்தாலும் கரடிக்குப் பக்கத்தில் போய்விட முடியாது. ஸ்வால்பார்டில் 2025 முதல் குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

"அவ்ளோ தூரத்துல கரடி புள்ளியாத்தானே தெரியும்?"

ஆமாம், சின்னதாகத்தான் தெரியும். ஆனால் சுற்றிலும் பனிப்பாறை, கடல், வானம் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். அது எங்கே, எப்படி வாழ்கிறது என்பதை அந்தப் படம்தான் சொல்லும். நாம் நெருங்கிப் போய் அது ஓட நேர்ந்தால், பட்டினி மாதங்களுக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகக் கரையும்.

இரண்டாவது டீ வந்தது. அவரிடம் நான் சொல்ல நினைத்தது வேறு. ஆர்க்டிக் உயிரைப் படமெடுக்க ஆர்க்டிக் வரை போக வேண்டியதில்லை. வருடா வருடம் அது நம் மாவட்டத்துக்கே வருகிறது.

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பூநாரையைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. அதன் காலடிச் சேற்றில் ஓடித் திரியும் சாம்பல் நிறக் குருவிகளை யாரும் கவனிப்பதில்லை. கொசு உள்ளான் என்பது அதில் ஒன்று. எடை 25 கிராம் அளவுதான்; கையிலிருக்கும் கிளாஸ் டீ அதைவிடக் கனம். நடவு நடும் கைபோல அலகு சேற்றில் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். ஜூன் மாதத்தில் இது ஆர்க்டிக்கின் டுந்த்ரா வெளியில், மரமே இல்லாத ஈரநிலத்தில், முட்டையிட்டு அடைகாத்த பறவை. கூடவே அலகு கீழ்நோக்கி வளைந்த இன்னொரு உள்ளானும் மேயும். அது பிறந்ததும் சைபீரியாவின் வடகோடியில்.

அந்த வளைமூக்கு உள்ளானின் கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. டுந்த்ராவில் லெம்மிங் என்று ஓர் எலி உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை அது பெருகும், பிறகு சட்டென்று குறையும். பெருகிய வருடத்தில் பனிநரிக்கு எலியே போதும். உள்ளான் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கும். எலி அற்றுப்போன வருடத்தில் நரி, முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். தெற்கே வந்து சேரும் கூட்டத்தில் இளம் பறவைகள் கூடுவதும் குறைவதும் அதைப் பொறுத்துத்தான். வட துருவத்து எலியின் கணக்கு நம் ஊர்ச் சேற்றில் தெரிகிறது.

தம்பி டீயை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எப்படி எடுக்கறதுண்ணா?"

சேற்றில் ஒரு தார்ப்பாயை விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். படுத்தால் கண்ணுக்குக் கண் நேராக வரும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். துரத்தாதீர்கள். நகராமல் கிடந்தால் மேய்ந்துகொண்டே அவையே அருகில் வரும். கொத்துவதை நிறுத்தித் தலை தூக்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள், அங்கேயே உறைந்துவிடுங்கள். பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது பெரிய கொடுமை. வடக்கே திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை அவை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன.

துருவத்துக்காகச் சொல்லப்படும் கேமரா பாடமும் இங்கேயே பழகலாம். பனி வெளியில் கேமரா ஏமாந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். சட்டத்தை நிறைக்கும் வெள்ளைப் பூநாரைக் கூட்டத்துக்கும் அப்படித்தான். அங்கே குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் லென்ஸில் ஆவி படியும். இங்கே ஏசி காரிலிருந்து ஏரிக்கரையில் இறங்கினால் படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும்.

பள்ளிப்பட்டு வழியாக ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடல் சேர்கிறது. அந்தக் கழிமுகச் சேறும் இந்தப் பறவைகளின் மேய்ச்சல் நிலம்தான். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து அதில் ஒரு பகுதி பாழாகிக் கிடக்கிறது. அதையும் படமெடுங்கள் என்றேன். பறவையை மட்டும் அழகாகக் காட்டி, அது நிற்கும் நிலத்தை மறைப்பது நியாயமில்லை.

பழவேற்காடு 1980 முதல் பறவைகள் சரணாலயம்; வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அண்ணாமலைச்சேரி பக்கம் விடியலில் நில்லுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரலில் அந்த வளைமூக்கு உள்ளானுக்குச் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். அதற்குப் பிறகு பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும்.