கலைக்கல்லூரியும் கல்வி வட்டமும்

“பொறியியல் பயின்றால் பிழைப்புண்டு, வரலாறும் மொழியும் பயின்று என்ன பயன்?” என்னும் வினா, திசையன்விளை வட்டாரத்துப் பெற்றோரிடையே ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் எழுவது வழக்கம். வினா நியாயமானதே. எனினும், கலைக்கல்வி என்பது யாது, அது எங்ஙனம் நடைபெறவேண்டும் என்பதை அறிந்த பின்னரே இதற்கு விடை கூறுதல் இயலும்.

இடைக்கால ஐரோப்பாவில் சுதந்திர மனிதனுக்குரிய கலைகள் ஏழு என வகுத்தனர். இலக்கணம், அளவை, சொல்வன்மை என்னும் மூன்று முதற்படி. எண், வடிவியல், இசை, வானியல் என்னும் நான்கு இரண்டாம் படி. மதரஸாவில் ஓதியோர்க்கு இப்பட்டியல் புதியதன்று. நஹ்வு, மன்திக், பலாகா என்பன முதல் மூன்றுக்கும் நேரானவை. ஹிஸாப், ஹந்தஸா, ஹைஅத் என்பன எண்ணுக்கும் வடிவியலுக்கும் வானியலுக்கும் உரியவை. 1748-இல் மறைந்த லக்னோ ஃபிரங்கி மஹல் அறிஞர் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் பெயரால் வழங்கும் நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் இக்கலைகள் சிறப்பிடம் பெற்றிருந்தன. ஆகவே கலைக்கல்வி நமக்கு இரவல் சரக்கன்று.

பாடங்களைப் போலவே பயிலும் முறையும் இன்றியமையாதது. நாளைய பாடத்தை முன்னரே தானே படித்து வருதல் முதாலஆ. நடந்த பாடத்தை மாணவர் கூடியிருந்து ஒருவர்க்கொருவர் ஓதிக்காட்டித் திருத்திக்கொள்ளுதல் தக்ரார். மாணவர் ஒழுக்கம் பற்றி நூல் யாத்த இமாம் ஸர்னூஜி அவர்களும், திரும்ப ஓதுவதைவிடக் கலந்துரையாடி ஆய்வதே பெரும் பயன் தரும் என்னும் கருத்தினர். அமெரிக்காவின் சிறிய கலைக்கல்லூரிகள் போற்றும் நெறியும் இதுவே. அவற்றில் மாணவர் தொகை குறைவு; ஆசிரியர் ஒவ்வொருவரையும் அறிவார்; உரையாடலே பாடம். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 2009-இல் நிறுவப்பெற்று, 2015-இல் முறையான அங்கீகாரம் பெற்ற ஸைத்தூனா கல்லூரி, முஸ்லிம்கள் இவ்வழியில் கண்ட கலைக்கல்லூரியாகும். அரபு மொழியும் அளவையும் மேலை நூல்களும் அங்கே ஒருங்கே பயிற்றப்படுகின்றன.

இனி நம் பகுதிக்கு வருவோம். ‘தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு’ எனப் பெயர்பெற்ற பாளையங்கோட்டையில் 1878-இல் தூய யோவான் கல்லூரியும், 1923-இல் தூய சவேரியார் கல்லூரியும் தோன்றின. முஸ்லிம்களின் முயற்சியால் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-இல் உருவாயிற்று. அப்பெயரே ஒரு பாடத்திட்டம் எனலாம். பதினேழாம் நூற்றாண்டினரான சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் பெரும் அரபுப் புலவர். சீறாப்புராணத்திற்கு வேண்டிய அரபு மூலச் செய்திகள் உமறுப்புலவருக்குக் கிடைக்க வழிசெய்தவர் அவரே என்பது மரபு. அரபு அறிந்த ஆலிமும் தமிழ் வல்ல புலவரும் சந்தித்ததால் காப்பியம் பிறந்தது.

அச்சந்திப்பு இன்று நம் கல்லூரிகளில் நிகழ்கின்றதா? தமிழக இளநிலைப் பட்டப்படிப்பில் முதற்பகுதி மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் ஆகும். முதற்பகுதியில் தமிழ், அரபு முதலியவற்றுள் ஒன்றையே மாணவர் தேர்வர். எனவே அரபு எடுத்தவர் சீறாப்புராணத்தை வகுப்பில் காணார். தமிழ் எடுத்தவர்க்கு அதன் அரபுச் சொற்களை விளக்குவார் அரியர். மதிப்பெண் எளிதில் வரும் என்றெண்ணி அரபு எடுத்து, வினாவிடைக் கைந்நூலை மனனம் செய்து வெளியேறுவோரும் உளர். இதனால் அவர் பெறுவது தேர்ச்சியே, மொழியன்று.

மற்றொரு தடை நேரம். திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகிறது. நாள்தோறும் சென்று மீளும் மாணவனுக்கு மூன்று மணி நேரம் சாலையிலேயே கழிகின்றது. இறுதி வகுப்பு முடிந்ததும் அவன் நாடுவது நூலகத்தையன்று, பேருந்தையே. விடுதி மாணவனுக்கு வாய்க்கும் மாலைநேர உரையாடல் அவனுக்கு வாய்ப்பதில்லை. கலைக்கல்வியின் உயிர்நிலை வகுப்புக்கு வெளியே உள்ள அந்நேரத்தில்தான் இருக்கிறது என்பதை நாம் மறத்தல் கூடாது.

செய்யத்தக்கன சில உண்டு. நான்காம் பகுதியில் பிற துறையினர்க்கென வகுக்கப்படும் விருப்பப் பாடத்தில், அரபுத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பயிற்றலாம். நண்பகல் இடைவேளையில் அரைமணி நேரத் தக்ரார் வட்டம் அமைப்பின், ஊருக்குத் திரும்பும் மாணவரும் பங்குபெறுவர். ஜமாஅத்துகள் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பகுதியை விடுதிக் கட்டணத்திற்கென ஒதுக்கலாம். இவற்றுள் முதலிரண்டுக்கும் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியர் மனம் வைத்தாற் போதும்.

இவ்வாறு பயின்ற மாணவன் ஒரு நூலைத் தானே படித்துப் பொருள் காண்பான்; மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்பான்; தன் கருத்தைச் சான்றுடன் எழுதுவான். எத்தொழிலுக்கும் அடிப்படையான இம்மூன்றுமே பெற்றோரின் வினாவிற்கு விடை. இவற்றைத் தராத கல்லூரியைக் குறித்து அவர்கள் வினவுவது முற்றிலும் நியாயம். அதற்கு மறுமொழி கூறும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.