கேட் முடிஞ்சாச்சு, கால் இன்னும் வரல: நடுவுல என்ன பண்றது?

நவம்பர் கடைசியில கேட் எழுதி, டிசம்பர்ல பர்சன்டைலும் பார்த்தாச்சு. இப்போ ஜனவரி. காலையில கண்ணைத் திறந்ததும் மெயிலைத் திறந்து, ஐஐஎம்ல இருந்து இன்டர்வியூ கால் வந்திருக்கான்னு பார்க்கிறவங்களுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல, கால் எப்படி முடிவாகுது? பர்சன்டைல் மட்டும் போதாது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க், வேலை அனுபவம்னு பலதையும் சேர்த்து ஒவ்வொரு ஐஐஎம்மும் தனக்குன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு. அதனாலதான் ஒரே பர்சன்டைல் எடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு கால் வருது, இன்னொருத்தருக்கு வரல. அந்தக் கணக்கை இனிமே நீங்க மாத்த முடியாது. எத்தனை தடவை மெயிலை ரெஃப்ரெஷ் பண்ணினாலும் அது மாறாது.

உங்க கையில மீதி இருக்கிறது இன்டர்வியூ. அது சின்ன மீதி இல்லைங்க. ஐஐஎம் அகமதாபாத்தோட இறுதித் தேர்வுல, அண்மை வருஷங்கள்ல கேட் ஸ்கோருக்கு 25 சதவீதம், இன்டர்வியூவுக்கு 50 சதவீதம். அதாவது ரெண்டு மடங்கு!

"கால் வரட்டும், அப்புறம் தயாராகலாம்"னு பலர் நினைக்கிறாங்க. ஆனா கால் வந்ததுக்கும் இன்டர்வியூ தேதிக்கும் நடுவுல சில வாரம்தான் கிடைக்கும். வேலைக்குப் போறவங்களுக்கு அது சனி, ஞாயிறு மட்டும்னு ஆயிடும்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? நீங்க நிரப்பின அப்ளிகேஷன்ல. பேனல்ல உட்கார்ந்திருக்கிற ரெண்டு மூணு பேருக்கும் உங்களைப் பத்தித் தெரிஞ்சது அந்தத் தாள்தான். ஒரு உதாரணம். சொந்த ஊர் கரூர், படிச்சது மெக்கானிக்கல், வேலை சாஃப்ட்வேர், பொழுதுபோக்கு செஸ்னு எழுதியிருக்கீங்கன்னு வைங்க. "கரூர் ஜவுளி வெளிநாட்டுக்குப் போகுதே, டாலர் மதிப்பு ஏறினா உங்க ஊர் ஏற்றுமதியாளருக்கு லாபமா, நஷ்டமா?"ன்னு கேட்கலாம். ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும், அதனால லாபம். ஆனா அவர் வெளிநாட்டுல இருந்து மெஷின் வாங்குறவரா இருந்தா அந்தச் செலவும் ஏறும். இப்படி ரெண்டு பக்கமும் யோசிக்கிறீங்களான்னுதான் பார்ப்பாங்க. செஸ்னு எழுதினா ஒரு ஓபனிங்கையாவது விளக்கத் தெரியணும்.

அடுத்தது டிகிரி பாடம். "இப்போ சாஃப்ட்வேர்ல இருக்கேன், மெக்கானிக்கல் மறந்துபோச்சு"ன்னு சொல்லாதீங்க. நாலு வருஷம் படிச்சதையே மறந்தவர், இங்க ரெண்டு வருஷம் படிக்கப்போறதை எப்படி ஞாபகம் வெச்சுப்பார்னு தோணிடும். உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு பாடத்தை எடுத்து, அடிப்படையை மட்டும் திரும்பப் படிங்க.

தமிழ் மீடியத்துல படிச்ச நிறைய பேருக்கு இங்கிலீஷ் ஒரு பயம். இன்டர்வியூ இங்கிலீஷ்லதான் நடக்கும், மறுக்கல. ஆனா சின்னச் சின்ன வாக்கியம் போதும். தினம் ஒரு கேள்வி எடுத்து, பதிலை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, நீங்களே கேளுங்க. எங்க தடுமாறுறீங்கன்னு ஒரே வாரத்துல புரியும். பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம். ஊகிச்சு அடிச்சு விட்டா, அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

"ஏன் எம்பிஏ?"ங்கிற கேள்விக்கு யாரோ எழுதின பதிலை மனப்பாடம் பண்ணாதீங்க. இப்போ இருக்கிற வேலையில எதைச் செய்ய முடியல, எம்பிஏ அதுக்கு எப்படி உதவும்னு உங்க வார்த்தையிலேயே நாலு வரி எழுதிப் பாருங்க.

கடைசியா ஒரு முக்கியமான விஷயம். தயாராகணும்னு வேலையை அவசரமா விட்டுடாதீங்க. இன்டர்வியூ முடிஞ்சாலும் இறுதி முடிவு தெரிய ஏப்ரல், மே ஆகலாம். அதுக்கப்புறம் வெயிட்லிஸ்ட் வேற. கேட் ஸ்கோரும் அந்த ஒரு வருஷ அட்மிஷனுக்குத்தான் செல்லும். ஆஃபர் கையில வந்த பிறகு நோட்டீஸ் பீரியட் பத்தி யோசிக்கலாம். வீட்டுல இ.எம்.ஐ. கட்டுறது நீங்கன்னா இதைக் கண்டிப்பா மனசுல வெச்சுக்கோங்க.

இன்னிக்கு ராத்திரி மெயிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி உங்க அப்ளிகேஷனைத் திறங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல மூணு கேள்வி எழுதுங்க. வெயிட்லிஸ்ட் எப்படி நகருதுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.