பனிச்சரிவும் பனிச்சறுக்குவோரும்

மார்கழிப் பனியைப் புல்நுனியிற் கண்டு பழகிய நமக்கு, ஆளுயரத்துக்கும் மேலாக மலையை மூடிக்கிடக்கும் வெண்பனி நூல்களிலும் படங்களிலுமே பெரிதும் அறிமுகமானது. அது பஞ்சுபோல் மென்மையானதென்றே எண்ணுகிறோம். ஆனால் நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் சுவிற்சர்லாந்திலும், அதன் அயல்நாடாகிய ஒஸ்திரியாவிலும் மலைவாழ் மக்கள் அப்பனியைக் கொல்லும் பொருளாகவும் அறிவர். 1950–51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அல்ப்ஸ் மலைப்பகுதிகளிற் பனிச்சரிவுகளால் 250 பேருக்கு மேல் மாண்டனர். 1999ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் ஒஸ்திரியாவின் கல்ற்றூர் என்னும் சிற்றூரில் ஒரே சரிவு 31 உயிர்களைக் கொண்டது.

இவை ஊர்களின்மேல் வந்து வீழ்ந்த பேரழிவுகள். இக்காலத்திலோ பனிச்சரிவில் இறப்போருட் பெரும்பாலார், குறியிட்ட பாதைகளை விட்டு, எவரும் மிதியாத பனியை நாடிச் செல்லும் சறுக்குவோரும் மலையேறுவோருமேயாவர். அவர்களை மூடும் சரிவை மிகப் பெரும்பாலும் அவர்களே, அன்றி உடன்சென்றோரே, தம் பாரத்தால் எழுப்பிவிடுகின்றனர். இஃது எவ்வாறு நிகழ்கின்றது?

மலைமேற் பனி ஒரே பொருளாகக் கிடப்பதன்று. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு படையாக அமைகின்றது. நிலத்தையடுத்த பனி ஏறத்தாழ 0 பாகை வெப்பநிலையிலிருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் உறைந்திருக்கும். இவ்வேறுபாட்டினால் நீராவி கீழிருந்து மேலெழ, இடையிலுள்ள பளிங்குகள் சீனிப் பரல்கள்போல் ஒன்றோடொன்று ஒட்டாது உதிரியாகின்றன. அவ்வலுவற்ற படையின்மேற் புதுப்பனி வீழ்ந்து, காற்றால் நெருக்குண்டு பலகைபோல் இறுகுகின்றது. சறுக்குவோன் ஒருவன் அதன்மேற் செல்லுங்கால் அடிப்படை நொறுங்குகின்றது. அந்நொறுங்கல் கணப்பொழுதிற் பரவ, பலகை முழுவதும் பிளந்து சரிகின்றது. சாய்வு 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே இது பெரும்பாலும் நிகழும். சறுக்குவோர்க்கு மிக்க இன்பந்தருவனவும் அச்சரிவுகளே என்பது வருந்தத்தக்கது.

சுவிற்சர்லாந்தின் தாவோஸ் நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகின்றது. ஐரோப்பிய முறைப்படி அபாயம் ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஐந்தாம் படியிலேயே மிகுதியானோர் இறப்பர் என நாம் கருதலாம். உண்மை அதுவன்று. ஏறத்தாழ அரைவாசி மரணங்கள் மூன்றாம் படியில் நிகழ்கின்றன. நான்காம், ஐந்தாம் படிகளில் அபாயம் கண்ணுக்குப் புலப்படுதலின் மக்கள் மலைக்குச் செல்லாதொழிகின்றனர். மூன்றாம் படியிலோ வானம் தெளிந்து பனி பளபளக்கும். வலுவற்ற படை மட்டும் மறைந்திருக்கும்.

எனினும் பனி சில வேளைகளில் எச்சரிக்கின்றது. அயற்சரிவுகளிற் புதிதாகப் பனி சரிந்திருத்தல், காலடியில் 'வும்' என்னும் ஆழ்ந்த ஒலி எழுதல், பனிமேல் வெடிப்பு ஓடுதல் ஆகியன அடிப்படை நொறுங்கத் தொடங்கியமைக்குச் சான்றுகள். அவற்றைக் கண்டோர் செங்குத்தான சரிவுகளை விட்டு விலகுதலே தகும்.

புதையுண்டவர்க்கு நேரமே உயிர். சரிந்த பனி நின்றவுடன் இறுகிவிடுதலால், அகப்பட்டவர் கையையும் அசைத்தல் அரிது. மூச்சடைப்பே பெரும்பாலாரைக் கொல்கின்றது. முதற் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோரிற் பத்தில் ஒன்பதுபேர் பிழைக்கின்றனர். அரைமணி கழிந்தபின் மூவரில் ஒருவரே எஞ்சுகின்றார். வெளியிலிருந்து மீட்புப் படையினர் வரும்வரை காத்திருக்க இயலாது. உடன்சென்ற தோழரே தோண்டவேண்டும். ஆதலாற் செல்வோர் ஒவ்வொருவரும் சமிக்ஞை அனுப்பி வாங்கும் சிறு வானொலிக் கருவியையும், ஆழம்பார்க்கும் நீண்ட கோலையும், மண்வாரி போன்ற பனிவாரியையும் உடன்கொண்டு, அவற்றைக் கையாளப் பயின்றுமிருத்தல் வேண்டும். ஐயமுள்ள சரிவை ஒருவர்பின் ஒருவராகவே கடத்தல் வேண்டும். அனைவரும் ஒருங்கே புதையுண்டால் தோண்ட எவருமிரார்.

ஆயினும் கருவிகள் சரிவைத் தடுப்பனவல்ல. சிகரம் அண்மையிற் தோன்ற, தோழர் முன்செல்ல, "இன்று வேண்டாம், திரும்புவோம்" என்று ஒருவர் சொல்வதும், அதனை ஏனையோர் இழுக்காகக் கருதாது ஏற்பதுமே முதற் காப்பாகும். மலை மறுநாளும் அங்கேயே இருக்கும்.